கூப்பிடு தூரத்தில்

ஹில்டாவின் பதில் கேள்விக்கு மேலே இருந்தது.

லினெட் கைப்பேசியை முகத்தருகே கொண்டுவந்து மறுபடியும் பார்த்தாள். மீன் ஆலையின் மேற்பார்வையாளன் கேவின், பகுதிநேர ஆட்களுக்கென்று வைத்திருந்த வாட்ஸ்அப் குழுவில் "குடல் அறை கழுவ ரெண்டு பேர், அரை மணியில்" என்று போட்டிருந்தான். யார் முதலில் "வரேன்" என்று போடுகிறார்களோ அவர்களுக்கு வேலை. குழுவின் ஒரே சட்டம் அதுதான். ஹில்டாவின் "வரேன்" அந்த அழைப்புக்கு அடியில் இருந்திருக்க வேண்டும். ஆனால் அழைப்பு வருவதற்கு முன்பே வந்து, அதன் தலைமேல் உட்கார்ந்திருந்தது.

போன் கோளாறாக இருக்கும் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவளுடைய கட்டைவிரலும் "வரேன்" என்று அழுத்திவிட்டது. இங்கிலாந்தின் துறைமுக ஊரான கிரிம்ஸ்பியில் இந்தப் பிழைப்புக்கு வந்த எல்லோருக்கும் அப்படித்தான். விரல் முதலில் போகும், புத்தி பின்னால் வரும். யோசிக்கிறவளுக்கு ஷிப்ட் கிடைக்காது.

மேசைமேல் கேக் இருந்தது. மகள் ரோவனுக்கு அன்றைக்கு ஒன்பது வயது. போன பிறந்தநாளுக்கும் அம்மா இல்லை, அதற்கு முந்தின பிறந்தநாளுக்கும் இல்லை. இந்த முறை மெழுகுவத்தி ஊதும்போது பக்கத்தில் நிற்பேன் என்று லினெட் வாக்குக் கொடுத்திருந்தாள். சாயங்காலம் பள்ளித் தோழிகள் நாலு பேர் வருவதாக ஏற்பாடு.

"வரேன்னு போட்டுட்டியாம்மா?" என்றாள் ரோவன்.

"தரையை அலசிவிட்டுட்டு ஓடி வந்துடுவேன் கண்ணு. அதுவரைக்கும் பக்கத்து வீட்டு ஜாய்ஸ் உன்கூட இருப்பாங்க."

"முடியாதுன்னு சொல்லேன்."

"போட்டுட்டு முடியாதுன்னா அப்புறம் கூப்பிடவே மாட்டான்."

"கூப்பிடாட்டி நல்லதுதானே?"

லினெட் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

துறைமுகத்துக்குள் நுழையும்போதே நாற்றம் எதிர்கொண்டு வந்தது. ஆலைக்குள் அது இன்னும் கெட்டியாக, நாக்கில் படிகிற மாதிரி இருந்தது. குடல் அறையில் காட் மீனின் ஈரலும் செவுளும் சவ்வும் சாக்கடைக் கம்பிகளில் தொங்கின. வெள்ளை ரப்பர் பூட்ஸுக்கு அடியில் ஏதோ பிதுங்கி வழுக்கியது. நாலு வருடப் பழக்கத்தில் குனிந்து பார்க்காமலே தாண்டிப் போனாள்.

கேவின் கதவோரத்தில் நின்று சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான். அவள் வயதில் பாதியே ஆன பையன். அந்த ஊரில் எல்லோரும் எல்லோரையும் அழைக்கிற மாதிரி அவளைச் 'செல்லம்' என்றுதான் அழைப்பான்.

"தண்ணி பம்பு நின்னுபோச்சு செல்லம். வருகை அட்டை தட்டாத. பின்னாடி ரூம்ல உக்காரு, சரியானதும் கூப்பிடறேன்."

"அதுவரைக்கும் கூலி?"

"வேலை இல்லாம கூலி ஏது? ஹில்டா ஒரு வார்த்தை கேக்குறாளா பாரு. கூப்பிடற தூரத்துலயே இருக்கா, பாவம்."

பின்னறைக்கு லினெட் இதுவரை போனதில்லை. ஜன்னல் இல்லாத தாழ்வான அறை, சுவரோரமாக வெந்நீர்க் குழாய், மங்கலாக ஒரு விளக்கு, சுவரின் நீளத்துக்கும் ஓடுகிற பெஞ்சு. வெளியே நவம்பர் குளிர் எலும்பைத் துளைக்க, உள்ளே வாய்க்குள் இருப்பதுபோல வெதுவெதுப்பாக, ஈரமாக இருந்தது. மீன் நாற்றத்துக்கு அடியில் இன்னொரு நாற்றம், பல நாள் பிரிக்காத புண்கட்டைப் பிரித்தால் வருமே, அந்தத் தித்திப்பான நாற்றம், மெல்ல மெல்ல மூக்கில் ஏறியது.

பெஞ்சின் கோடியில், விளக்கு எட்டாத இடத்தில், ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

"வா கண்ணு. நான் ஹில்டா. இப்ப கூப்பிட்டுடுவாங்க."

நாலு வருடமாகக் குழுவில் பார்க்கிற பெயர். ஆள் வந்ததையோ போனதையோ லினெட் ஒருநாளும் பார்த்ததில்லை. சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். பெஞ்சு மெத்தென்று அமுங்கியது.

"எப்ப வந்தீங்க?"

"நான் எங்க போனேன், வர்றதுக்கு?" ஹில்டா சிரித்தாள். சளிக்குள்ளிருந்து வருகிற சிரிப்பு. "வீட்டுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள வேற எவளாவது வாங்கிடுவா. உனக்குத் தெரியாததா?"

லினெட் மரியாதைக்குச் சிரித்துவைத்தாள். குழாய்க்குள் தண்ணீர் கொடகொடத்தது. எங்கோ சொட்டு விழுந்தது. கேவின் கூப்பிடவில்லை. வீட்டுக்கு அழைத்தாள்.

"எல்லாரும் வந்துட்டாங்கம்மா," என்றாள் ரோவன். "வத்தி ஏத்தட்டுமா?"

"கொஞ்சம் பொறு தங்கம். அம்மா வந்துடுவேன்."

வைத்துவிட்டுத் தலையைத் திருப்பினாள். ஹில்டாவின் கைப்பேசி ஒளிர்ந்திருந்தது. அதைப் பிடித்திருந்த கை மட்டும் சுத்தமாக, இளஞ்சிவப்பாக, குழந்தையின் கை மாதிரி இருந்தது. வெளிச்சம் கீழே இறங்கியது. வெள்ளை பூட்ஸ் இரண்டும் பெஞ்சைவிட்டுத் தள்ளி, தனியாக நின்றன. ஏப்ரன் இடுப்புக்குக் கீழே வழிந்து பெஞ்சோடு ஒட்டிப்போயிருந்தது. அது ஏப்ரன் இல்லை. தோல். செதில் சீவின தோல் மாதிரி வெளுத்து, பளபளத்து, தொய்ந்து, பலகையில் படர்ந்திருந்தது. அதன் ஓரத்திலிருந்துதான் சொட்டு விழுந்தது.

லினெட் தன் பக்கம் பார்த்தாள்.

பலகையே இல்லை.

அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் மடிப்பு மடிப்பாகச் சதை. ஆலையில் முடிமேல் போடுகிற நீல வலை ஒன்று. இன்னொன்று. மடிப்புகளுக்குள் புதைந்து கைப்பேசிகள், உயிரோடு, ஒளிர்ந்தபடி. ஒவ்வொன்றின்மேலும் ஒரு விரல்.

எழுந்தாள். கால்சட்டை பிய்ந்துகொண்டு வந்தது, பிசுபிசுவென்று நூல் விட்டபடி. ஓடினாள். குடல் அறையில் வழுக்கி விழுந்தாள். வாயில் ஏதோ போனது. துப்பிக்கொண்டே எழுந்து வெளிக் கதவைத் தள்ளி, சுவரைப் பிடித்து நின்று, வயிற்றில் இருந்ததெல்லாம் வரும்வரை வாந்தி எடுத்தாள்.

குளிர்ந்த கடற்காற்று. எதிரே பேருந்து நிறுத்தம். பத்தே நிமிடத்தில் வீடு. கேக், ரோவன், மெழுகுவத்தி.

"எங்க கிளம்பிட்ட செல்லம்?" கேவின் பின்னால் வந்து நின்றான்.

"உள்ள... ஹில்டா... அவங்க காலு..."

"தங்கமான ஆளு." அவன் வாயைத் துடைத்துக்கொண்டான். "கிறிஸ்துமஸ் வரைக்கும் தினமும் வேலைக்கு ஒரு இடம் இருக்கு. இன்னைக்கே பேர் எழுதணும். பம்பு சரியாகுறப்ப உள்ள யார் இருக்காங்களோ அவங்களுக்கு. வீட்ல வேலை இருந்தா போயிட்டு வா. தப்பா நினைக்க மாட்டேன்."

கதவு சாத்திக்கொண்டது.

பேருந்து வந்தது. கதவு திறந்தது. ஓட்டுநர் பார்த்தார். தினமும். கிறிஸ்துமஸ் வரைக்கும் தினமும். இரவில் கைப்பேசியை மார்பில் வைத்துக்கொண்டு படுக்க வேண்டாம். ரோவனின் அறையில் ஹீட்டர் போடலாம். தன்னை நினைத்தாலே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஒரு கால் படியில் ஏறவும் செய்தது.

"வர்றீங்களா இல்லையாம்மா?"

லினெட் படியிலிருந்து காலை எடுத்துக்கொண்டாள்.

பின்னறையில் ஹில்டா நகர்ந்து இடம் விட்டாள். நகர்ந்தபோது ஈரத் துணி கிழிகிற சத்தம் வந்தது. லினெட் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். வெதுவெதுப்பு தொடையில் ஏறியது. கைப்பேசியை எடுத்தாள்.

"கேக்கை வெட்டிடு கண்ணு. அம்மா போன்லயே கேக்குறேன்."

ரோவன் போனை மேசைமேல் வைத்தாள். அப்புறம் ஜாய்ஸ் எடுத்துக்கொடுக்க, பிள்ளைகள் பிறந்தநாள் பாட்டைப் பாட ஆரம்பித்தார்கள்.

இரண்டாவது வரியில் ஹில்டாவும் சேர்ந்துகொண்டாள். பிறகு லினெட்டுக்கு அடியிலிருந்து, முதுகுக்குப் பின்னாலிருந்து, தொடைகளுக்கு நடுவிலிருந்து, ஈரமான வாய்கள் ஒவ்வொன்றாகத் திறந்து, ரோவனின் பெயரைச் சொல்லி, பிள்ளைகளோடு சேர்ந்து பாடின.