மெல்வின் வைத்த ஷார்ட்கட்

"ஏட்டி, உசுரோட நிக்கிற மனுசனுக்குக் கண்ணீர் அஞ்சலியா? எம்புட்டுத் திமிரு ஒனக்கு!"

தன் அஞ்சலி போஸ்டரைத் தானே கையில் பிடித்துக்கொண்டு பால்துரை கத்தினார். கல்யாண வெள்ளிவிழாவுக்குப் போஸ்டர் அடிக்க வந்தவர்.

"நான் சும்மா பிரிண்ட்தான் கொடுத்தேன் மாமா," என்றாள் கடைக் கம்ப்யூட்டரில் இருந்த செலினா.

முதலாளி ஜெயபாண்டி, சத்தம் எந்தப் பக்கம் பெரிதோ அந்தப் பக்கம் சாய்கிறவர். "மெல்வின் இருந்தவரைக்கும் இப்படி ஒரு பேச்சு உண்டா? இவளுக்கு நெனப்பெல்லாம் கட்டிக்கப்போறவன்கிட்ட!"

பால்துரை போஸ்டரைக் கசக்கிக் குப்பைக்கூடையில் எறிந்துவிட்டுப் போனார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தக் கடைக்குப் பேர் வந்ததே மெல்வினால்தான். ஒரு சாவு விழுந்தால், சாயங்காலம் பிணத்தை எடுப்பதற்குள் சுவரில் போஸ்டர் ஏறியாக வேண்டுமே! அதற்காகக் கீபோர்டில் ஒரு வேலை செய்து வைத்திருந்தான். கன்ட்ரோலையும் பி-யையும் சேர்த்து அமுக்கினால் ஊருக்கெல்லாம் வெறும் பிரிண்ட் வரும். அவன் கம்ப்யூட்டரில், திறந்திருக்கும் போட்டோ தானாகக் கறுப்புக் கரைக்குள் போய் அஞ்சலியாக வரும். மகாராஜபுரம் வளைவில் அவன் பைக்கோடு விழுந்து செத்தபோது அவன் போஸ்டரையும் அந்த இரண்டு கீ-தான் அடித்துத் தந்தது. அவன் நாற்காலிக்கு வந்தவளிடம் இதை யாரும் சொல்லவில்லை.

செலினா செட்டிங்ஸில் தேடி அதை அழித்தாள். மறுபடி அமுக்கிப் பார்த்தாள். கறுப்புக் கரை வரவில்லை.

சாயங்காலம் பால்துரையின் மருமகன் வந்து நின்றார். "மாமா போய்ட்டாவ. சாப்ட்டுக் கை கழுவப் போனாவ, அப்படியே சாஞ்சுட்டாவ."

ஜெயபாண்டி குப்பைக்கூடையிலிருந்து போஸ்டரை எடுத்து நீவிக் கொடுத்தார். "நல்லவேளை, வீணாப் போகல."

செலினாவுக்கு அழுகை வரவில்லை. பயம்கூட மரத்துப்போய், எங்கோ அடுத்த வீட்டில் இருப்பதுபோல் இருந்தது.

மறுநாள் மழை. முதலாளி இல்லை. தன் நிச்சயதார்த்த பேனருக்காக, கட்டிக்கப்போகிற ஜோயலின் போட்டோவைத் திறந்தாள். பட்டாளத்திலிருந்து லீவு கிடைத்து அவன் ரயிலில் வந்துகொண்டிருந்தான். தகரத்தில் மழை விடாமல் கொட்ட, மை வாடையும் ஈரச்சாக்கு வாடையும் கலந்து தொண்டையில் படிய, காலையிலிருந்து யாரும் உட்காராத அந்த நாற்காலி அவள் உட்கார்ந்தபோது கதகதப்பாக இருந்தது.

கன்ட்ரோல் கீ அமுங்கியது.

அவள் கைகள் மடியில் இருந்தன.

கீ மேலே வரவில்லை. கீபோர்டு வயரைப் பிடுங்கினாள். அதன்பிறகு பி அமுங்கியது. மெதுவாக. விரல் பாரத்தில் அமுங்குவதுபோல.

பிரிண்டர் ஓடியது. கறுப்புக் கரை. கண்ணீர் அஞ்சலி. முடி. நெற்றி. கண்கள்.

மெயின் சுவிட்சை அடித்தாள். நின்றது. கண்ணுக்குக் கீழே வெறும் வெள்ளை.

ஜோயல் நல்லபடியாக வந்து இறங்கினான். கல்யாணமும் நல்லபடியாக முடிந்தது. ஜெயபாண்டி கடையை விற்றுவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார். செலினா ராஜபாளையத்தில் குடித்தனம். பார்த்துவிட்டு வந்த தெருக்காரர்கள் மாப்பிள்ளை தங்கம் என்றார்கள்; கொஞ்சம் முறைத்த பார்வை, பட்டாளத்துக்காரர் அல்லவா என்றும் சொல்லிக்கொண்டார்கள். அவன் கண்மூடித் தூங்கி செலினா பார்த்ததில்லை.

இன்று காலையிலும் சிரித்துப் பேசியபடி காபி குடித்தான். திறந்த கண்ணின் கருமணிமேல் ஓர் ஈ உட்கார்ந்து, காலோடு கால் தேய்த்துக்கொண்டிருந்தது. அவன் இமைக்கவில்லை. செலினா முந்தானையால் அதை ஓட்டிவிட்டு, "இன்னும் செத்த சீனி போடவா?" என்று கேட்டாள்.