இரண்டு பக்கமும் பச்சை

முள்ளியவளையில் இருந்த அந்தச் சின்னத் தையல் நிலையத்துக்குத் துணி வெட்டும் மெஷின் வந்ததில் இருந்து, அங்கே ஒருவரும் தைப்பதில்லை. எல்லோரும் வெட்டிக்கொண்டே இருந்தார்கள்.

அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. மெஷின் அப்படிப்பட்டது. இரண்டு இரும்பு உருளைகள், பக்கத்தில் ஒரு கைப்பிடி. கூடவே சில தடித்த பலகைகள். ஒவ்வொரு பலகையிலும் மெத்தென்ற பஞ்சுக்குள் கூரான தகடு ஒன்று ஒளிந்திருக்கும். சதுரப் பலகை, முக்கோணப் பலகை, ஒரு பக்கம் சாய்த்துவிட்ட சதுரம் போன்ற சரிந்த துண்டுப் பலகை என்று பல வகை. பலகையின் மேல் துணியை விரித்து, அதன் மேல் பிளாஸ்டிக் தட்டை வைத்து, உருளைகளுக்கு நடுவே தள்ளிக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். 'கிர்ர்ர்' என்று அந்தப் பக்கம் போய் விழும்போது துணி ஒரே அளவுத் துண்டுகளாகியிருக்கும்.

"கரும்பு பிழியிற மெஷின் மாதிரிக் கிடக்கு" என்று யாரோ சொல்ல, அதன் பெயரே கரும்பு மெஷின் ஆகிவிட்டது.

துண்டுகளைச் சேர்த்துத் தைத்தால் அழகான ஒட்டுப் போர்வை கிடைக்கும். ஆனால் அந்தத் தையல் இருக்கிறதே, அது மட்டும் பழையபடி முதுகுவலிதான். அதனால் எல்லோரும் ஆசையாக வெட்டினார்கள், பாதி தைத்தார்கள், அலுமாரிக்குள் போட்டார்கள். அலுமாரிக் கதவு மூட மறுத்தது. அதற்கு ஒரு கதிரையை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள்.

இராசமலர் அக்காவின் போர்வையும் அதற்குள்தான் இருந்தது. ஆனால் அவர் சோம்பலில் விட்டவர் அல்ல. பிள்ளை பிறக்க முன்னர் பிள்ளையின் சாமான்களை முழுதாகச் செய்து முடிக்கக் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். அதனால் நடுப்பகுதியை மட்டும் தைத்து, இரண்டு ஓரங்களையும் விட்டு வைத்திருந்தார். பிள்ளை பிறந்ததும் ஒரு மூச்சில் முடித்துவிடலாம் என்பது அவருடைய எண்ணம்.

பிள்ளை பிறந்தான். அதன் பிறகு அந்த வீட்டில் அவன் வைத்ததுதான் சட்டம். அம்மா ஊசியைத் தொட்டால் போதும், உடனே வீரிட்டு அழுவான்.

பக்கத்து வீட்டு ஸஹீலா ஐந்தாம் வகுப்பில் படிக்கிறாள். போரால் மூடியிருந்த பாதை திறந்த பிறகு புத்தளத்தில் இருந்து திரும்பி வந்த குடும்பம் அவளுடையது. அவளுடைய உம்மா றாபியாவும் அதே தையல் நிலையத்தில்தான் தைக்கிறார். பள்ளிக்கூடம் விட்டதும் குழந்தையைப் பார்க்க ஓடி வருவது ஸஹீலாவின் வழக்கம்.

"முப்பத்தொண்டு வருது, ஸஹீலா" என்றார் இராசமலர் அக்கா. குழந்தை பிறந்து முப்பத்தோராம் நாள் வீட்டில் கொண்டாட்டம். உறவினர் எல்லோரும் வருவார்கள். "அண்டைக்கு அந்தப் போர்வையாலதான் பிள்ளையைச் சுத்தி எல்லாருக்கும் காட்டவேணுமெண்டு ஆசைப்பட்டனான். ஓரத்துக்கெண்டு இவன்ர அப்பா வவுனியா முழுக்கத் தேடிப் பச்சைத் துணி வாங்கி வந்தவர். அதுவும் அப்பிடியே கிடக்கு."

ஸஹீலாவுக்குப் பொறுக்கவில்லை.

"நான் முடிச்சுத் தாறன், மலர் அக்கா!"

"மெய்யாவோ? அந்தப் பச்சை அவ்வளவுதான் கிடக்கு. கவனமடி!"

வீதிக்கு வந்த பிறகுதான், தான் இதுவரை தைத்தது ஒரேயொரு கைக்குட்டை என்பது ஸஹீலாவுக்கு நினைவு வந்தது. அதுவும் கோணல்.

உம்மாவிடம் சொன்னாள். உம்மா மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"வாக்குக் குடுத்தது ஆர்?"

"நான்."

"அப்ப நீயே தை, மகள். நான் பக்கத்தில இருக்கிறன்."

சனிக்கிழமை இருவரும் தையல் நிலையத்துக்குப் போனார்கள். கதிரையை இழுத்ததும் அலுமாரி பாதிப் போர்வைகளை எல்லாம் ஸஹீலாவின் தலையில் கொட்டியது. அதற்குள் இருந்து இராசமலர் அக்காவின் போர்வையைத் தேடி எடுத்தாள். சிவப்பும் மஞ்சளுமாகச் சரிந்த துண்டுகள், எல்லாம் ஒரே பக்கம் சரிந்து நின்றன. பச்சைத் துணியும் அதற்குள்ளேயே இருந்தது. ஒரு பக்கம் பளிச்சென்ற பச்சை, மறுபக்கம் வெளிறிய நிறம்.

உம்மா யாருக்கோ சட்டைக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தார். ஸஹீலா பச்சைத் துணியை அழகாக இரண்டாக மடித்தாள். உம்மா எப்போதும் அப்படி மடித்துத்தான் வெட்டுவார். மடிக்காமலும் துணி வெட்டலாம் என்பதே அவளுக்குத் தெரியாது. மடித்த துணியைச் சரிந்த துண்டுப் பலகையில் வைத்துக் கைப்பிடியைச் சுற்றினாள்.

கிர்ர்ர்!

ஆகா, என்ன சுகம்! இன்னும் ஒரு தரம் சுற்றினாள். பச்சைத் துணி முழுவதும் துண்டுகளாயிற்று.

பிறகு தைக்க உட்கார்ந்தாள். துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பொருத்தினாள். சில துண்டுகள் பொருந்தின. சில பொருந்தவே இல்லை. பொருந்தாத பிடிவாதக்காரர்களைப் பிறகு பார்க்கலாம் என்று ஒரு பக்கமாக ஒதுக்கினாள். விரலில் இரண்டு குத்து வாங்கி, நூலைப் பல தரம் அறுத்து, பின்னேரம் ஆவதற்குள் ஒரு ஓரத்தைத் தைத்து முடித்துவிட்டாள்.

மற்ற ஓரத்துக்குத் துண்டு எடுக்கப் போனால், மிஞ்சியிருந்தவர்கள் எல்லாரும் பிடிவாதக்காரர்கள்!

தலைகீழாக வைத்துப் பார்த்தாள். சரிவு மாறவில்லை. புரட்டி வைத்தாள். சரிவு சரியாக வந்தது, ஆனால் வெளிறிய பக்கம் மேலே வந்துவிட்டது.

"உம்மா..." என்று துண்டுகளைத் தூக்கிக் காட்டினாள்.

உம்மா வந்து பார்த்தார். "அல்லாவே! துணியை மடிச்சோ வெட்டினாய்?"

"ஓம். நீங்க மடிக்கிற மாதிரித்தான்."

உம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அது சட்டைக்கடி! மடிச்சு வெட்டினாத்தான் இடக்கை ஒரு பக்கம் பாக்கும், வலக்கை மற்றப் பக்கம் பாக்கும். இதை விரிச்செல்லோ வெட்டியிருக்க வேணும். இப்ப பாதி இந்தப் பக்கம் சரியுது, பாதி அந்தப் பக்கம் சரியுது."

ஸஹீலாவின் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. வவுனியா முழுக்கத் தேடி வாங்கிய துணி! இராசமலர் அக்காவின் முகத்தில் எப்படி விழிப்பது?

"அழாதை, மகள். அலுமாரிக்கை நீலத் துணி கிடக்கு. ஒரு ஓரம் பச்சையாவும் மற்ற ஓரம் நீலமாவும் இருக்கட்டும்."

"வேண்டாம். அவா பச்சைதான் கேட்டவா."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு அந்தத் துண்டுகளையே முறைத்துப் பார்த்தாள். உம்மா சொன்னது காதுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. சட்டென்று நிமிர்ந்தாள்.

"உம்மா, சட்டைக்கு ரெண்டு பக்கமும் இடக்கையையே வைச்சுத் தைச்சா எப்பிடி இருக்கும்?"

"கோணிப்போகும். ஏன்?"

"அப்ப இந்தப் போர்வைக்கும் இடப்பக்கம் வலப்பக்கம் எண்டு ரெண்டு பக்கம் இருக்குத்தானே! இதுகள் பிழையான துண்டுகள் இல்லை உம்மா. மற்றக் கை!"

ஓடிப்போய்ப் போர்வையை நிலத்தில் விரித்தாள். பிடிவாதக்காரர்களை மற்ற ஓரத்தில் வரிசையாக அடுக்கினாள். ஒரு துண்டுகூட முரண்டு பிடிக்கவில்லை. இடப்பக்கப் பச்சையும் வலப்பக்கப் பச்சையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன.

உம்மா குனிந்து இரண்டு ஓரங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "இந்த மூளையை இவ்வளவு காலமும் எங்கையடி ஒளிச்சு வைச்சிருந்தனீ?" என்றார்.

முப்பத்தோராம் நாள் இராசமலர் அக்காவின் வீடு நிறைய ஆட்கள். ஸஹீலா போர்வையைக் கொடுத்துவிட்டு உம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டாள். இராசமலர் அக்கா ஒரு ஓரத்தைத் தடவினார். பிறகு மற்ற ஓரத்தைத் தடவினார். அவருடைய விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"இது என்ன, மற்றப் பக்கம் சரியுது?"

ஸஹீலா உம்மாவின் பின்னால் இருந்து எட்டிப் பார்த்தாள். "மலர் அக்கா, நான் துணியை மடிச்சு..."

அதற்குள் குழந்தை அழத் தொடங்கினான். இராசமலர் அக்கா அவசரமாகப் போர்வையால் அவனைச் சுற்றினார். இரண்டு ஓரங்களும் அவனுடைய நெஞ்சின் மேல் வந்து சேர்ந்தன. இந்தப் பக்கச் சரிவும் அந்தப் பக்கச் சரிவும் நடுவில் ஒட்டிக்கொள்ள, அங்கே தலையில் இருந்து கால்வரை ஒரு முழுத் தென்னோலை பச்சைப் பசேலென்று விரிந்தது.

"ஐயோ, என்ன வடிவு!" என்று வீடே எட்டிப் பார்த்தது. துணி வாங்கி வந்த சின்னராசா அண்ணைக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"இதுக்காகத்தான் மடிச்சு வெட்டினனீயோ, ஸஹீலா?"

ஓம் என்று சொல்லிவிடலாம் போல் இருந்தது. ஆனால் ஸஹீலா மறுத்துத் தலையை ஆட்டினாள்.

"இல்லை அண்ணை. பிழையாத்தான் வெட்டினனான். பிறகு சரியாத் தைச்சனான்."

எல்லோரும் சிரித்தார்கள். இராசமலர் அக்கா அவளைப் பக்கத்தில் இழுத்து, குழந்தையைப் போர்வையோடு அவளுடைய மடியில் வைத்தார். அவன் அழுகையை நிறுத்தி ஸஹீலாவை உற்றுப் பார்த்தான். பார்த்துக்கொண்டே போர்வை, பாவாடை எல்லாவற்றையும் நனைத்துவிட்டான்.

"ஐயையோ, புதுப் போர்வை!" என்று கத்தினாள் ஸஹீலா.

இராசமலர் அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"இப்பதானடி இது அவன்ர போர்வை!"