பதினாறு வெள்ளைக் கண்கள்

பதினாறு கண்கள்.

பதினாறும் வெள்ளை!

அவள் கண்ணாடித் தொட்டியின் முன் குந்தி உட்கார்ந்து மறுபடியும் எண்ணினாள். தட்டு தட்டாக எட்டு டிஸ்கஸ் மீன்கள். முந்தாநாள் வரை மாதுளை முத்தாய்ச் சிவந்திருந்த கண்கள், இன்று வெந்நீரில் போட்டெடுத்தது போல வெளுத்துக் கிடந்தன.

எங்கே தப்பு நடந்தது?

கணவனைக் கொன்றதில் ஒரு பிசிறு இல்லை. தீனி போடக் குனிந்தவனின் பிடரியைப் பிடித்து, இதே தொட்டிக்குள் அமுக்கினாள். கால்கள் உதைத்தன... உதைத்தன... ஓய்ந்தன. அதுவரை அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு குளியல் தொட்டிக்கு இழுத்துப் போய்ப் போட்டாள். "வழுக்கி விழுந்து மூழ்கிட்டாரே!" என்று அலறினாள். தெருவே நம்பியது.

மீன் தொட்டித் தண்ணீரைக் கூட விட்டுவைக்கவில்லை. மொத்தத்தையும் இறைத்துக் கொட்டிவிட்டு, குழாய்த் தண்ணீரை நிரப்பினாள்.

அப்புறம் ஏன் இந்தக் கண்கள்?

சாயங்காலம் கணவனின் அண்ணன் மீன்களை எடுத்துப்போக வருகிறார். மீன் கண்ணைப் பார்த்தே ஜாதகம் சொல்கிற ஆசாமி. "தொட்டியை என்ன பண்ணினே?" என்று கேட்டுவிட்டால்...?

அழைப்பு மணி!

காலையில் போன் போட்டு வரச் சொல்லியிருந்த மீன் வைத்தியர். பின்னால், வாளியோடு ஒரு தொப்பைக்காரர்.

"யாரு இது?"

"எனக்கு இடுப்புப் பிடிப்பும்மா. வாளி தூக்க ஆள்."

வைத்தியர் டார்ச் அடித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. விளக்கிச் சொல்ல ஒரு ஆள் கிடைத்துவிட்டால் அவருக்கு அது போதும்!

"கண்ணு வெளுத்தா முதல்ல எண்ணணும்மா. ஒரு மீனு, ஒரு கண்ணுன்னா எங்கேயோ இடிச்சிருக்கு. எல்லா மீனுக்கும் ரெண்டு கண்ணும்னா, குத்தம் தண்ணியில. மொத்தத்தையும் மாத்தினீங்களா?"

"அது... அழுக்கா இருந்துச்சு."

"குழாய்த் தண்ணியில குளோரின்! நமக்கு அது சுத்தம், மீனுக்கு அது கண்ணுல மிளகாப்பொடி! அதான் தொட்டியிலயே சீட்டு ஒட்டியிருக்கேனே, படிக்கலையா?"

மூலையில் எறும்பு எழுத்தில் ஒரு சீட்டு. அவளுக்கு வெறும் அழுக்காகத்தான் தெரிந்தது.

"மூக்குக் கண்ணாடி மாத்தி மூணு வருஷமாச்சு. வீட்டுக்காரரைக் கேட்டா, முதல்ல மீனுக்கு லைட்டும்பார்." பல்லைக் கடித்தாள். "இதுங்க கண்ணுல தூசி விழுந்தா டாக்டர் வரணும். என் கண்ணு மட்டும் அவிஞ்சு போகட்டும்!"

"அதான் அமுக்கிட்டீங்களாக்கும்!" என்றார் தொப்பைக்காரர்.

விலுக்கென்று திரும்பினாள்.

"யோவ்! வாளியை மட்டும் தூக்கு!"

"ஆளையும் தூக்குவேன்மா. நான் இன்ஸ்பெக்டர்."

அடையாள அட்டை!

"அன்னிக்கு விசாரிக்க வீட்டுக்கு வந்தது என் சப்-இன்ஸ்பெக்டர். நான் ஆஸ்பத்திரியில உங்க வீட்டுக்காரரோட போஸ்ட்மார்ட்டத்தைப் பார்த்தவன். மூச்சுக்குழாயில சிவப்பா ஏதோ துகள். ரத்தம்னுதான் நினைச்சோம்..."

"என் தீனி!" வைத்தியர் துள்ளினார். "கண்ணுல சிவப்பு ஏற, இறால் ஓட்டுப் பொடி கலந்து நானே உருட்டறது!"

"குளிக்கப் போனவர் மீன் தீனியை எதுக்குத் தின்னாரு? மோதிர இடுக்குல மீன் செதில் வேற! அதைக் கேட்கத்தான் காலையில இவரைக் கூப்பிட்டேன். பேசிக்கிட்டு இருக்கும்போதே உங்க போன்... எட்டு மீனுக்கும் கண்ணு வெளுத்துடுச்சுன்னு!"

அவள் வாசலுக்குப் பாய்ந்தாள். அங்கே இரண்டு பெண் போலீஸ்!

விலங்கு பூட்டிய கையோடு தொட்டியை முறைத்தாள்.

"இதுங்களாவது செத்துத் தொலையுமா?"

"சேச்சே! ஒரே வாரத்துல பழையபடி சிவந்துடும்," என்றார் வைத்தியர், அவளுக்கு ஆறுதல் சொல்வது போல. "ஆனா அடுத்த தடவை யாரையாவது அமுக்கினா, மூணுல ஒரு பங்கு தண்ணியை மட்டும் மாத்துங்கம்மா... அதுவும் ஒரு நாள் முழுக்கப் பிடிச்சு வெச்ச தண்ணியா இருக்கணும்!"