தறிக்குழி மேல் நின்ற கார்

கோவர்தனின் ஸ்போர்ட்ஸ் கார் காஞ்சிபுரத்துக்குள் முதன்முதலாக நுழைந்தது டிராக்டர் டிரெய்லரில், வைக்கோல் கட்டுகளுக்கு நடுவில். மாகறலில் ஒரு ரைஸ் மில்லுக்குப் பின்னால் பல வருஷமாகக் கோழிகள் அடைந்துகொண்டிருந்த கார் அது. எஞ்சின் இல்லை, சீட் இல்லை, கால் வைக்கத் தரைகூட இல்லை. துருப்பிடித்த சேஸியும் தகரக் கூடும்தான் மிச்சம். இருந்தாலும் அது ஐம்பத்திரண்டாம் வருஷத்து எம்.ஜி. இரண்டே பேர் உட்காரும் சீமை வண்டி, தமிழ்நாட்டில் விரல்விட்டு எண்ணிவிடலாம். சின்ன காஞ்சிபுரத்துக் கோயில் குடும்பத்தில் பிறந்து, பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் நடத்திக்கொண்டிருந்த கோவர்தனுக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை.

வண்டியை நிறுத்த ஒரு வீடு பிடித்திருந்தான். நெசவாளர் தெருவில் நீளமான கூடம். நடுவில் கொஞ்சகாலம் நூல் கிடங்காக இருந்ததால் வாசலில் அகலமான ஷட்டர். வீட்டுக்காரி கமலவேணி பக்கத்து வீட்டில் இருந்தாள். சாவியைக் கொடுக்கும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அந்தத் தறிக்குழிய மட்டும் மணல் போட்டு மூடிடுபா. மத்தபடி நீ இன்னா வேணா பண்ணிக்கோ."

"மூடிடறேம்மா," என்றான் கோவர்தன்.

கூடத்தின் நடுவே இருந்தது அந்தக் குழி. நெசவு செய்கிறவர் விளிம்பில் உட்கார்ந்து, காலை உள்ளே விட்டு, மேலே கைகளால் நூல் நாடாவை இடமும் வலமும் எறிந்தபடி, கீழே மிதிக்கட்டைகளை மாற்றி மாற்றி மிதிப்பதற்காகத் தோண்டியது. தறியைப் பிரித்து வெகுகாலம் ஆகியும் குழி அப்படியே வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால், நூலுக்கு விறைப்பாகப் போடும் கஞ்சி புளித்த வாடை.

மூட விடாதவன் பாண்டியன். ஐயம்பேட்டைக்காரன், கார் தகரவேலையில் கெட்டிக்கார டிங்கர்.

"இன்னா சார் நீங்க, அடியில நின்னுக்கினு வேலை பாக்க இதவிட நல்ல குழி எங்க கிடைக்கும்? இன்னும் கொஞ்சம் ஆழமாத் தோண்டுனா போதும் சார்."

கோவர்தனுக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஓர் ஆள் நிற்கும் ஆழத்துக்குத் தோண்டினார்கள். மேலே காரைத் தள்ளி நிறுத்தினார்கள். கமலவேணிக்குத் தெரியாமல் இருக்க ஷட்டரைப் பாதி இறக்கியே வைத்திருந்தார்கள்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அந்த வகைக் காரில் தகரத்துக்கு உள்ளே மரச்சட்டம்தான் உடம்பைத் தாங்கும். இவர்கள் வண்டியில் அந்த மரத்தைக் கரையான் தின்று தீர்த்திருந்தது. நல்ல காய்ந்த மரத்துக்கு எங்கே போவது என்று கோவர்தன் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, பாண்டியன் பரணில் ஏறிப் பார்த்துவிட்டு விசில் அடித்தான். பிரித்த தறியின் மரம் மொத்தமும் அங்கே இருந்தது. கோணல் இல்லை, விரிசல் இல்லை, இரும்பாக இறுகிய தேக்கு. கேட்டால் கமலவேணி என்ன சொல்வாளோ என்று இரண்டு பேரும் கேட்கவே இல்லை. படித்தவனும் தொழில் தெரிந்தவனும் ஒன்றாகச் சேர்ந்தால் இப்படித்தான் புத்தி கெடும்.

தூண்மரம் கதவுச் சட்டமானது. நெய்த சேலையைச் சுற்றும் படமரம் முதுகுப்பக்கம் போயிற்று. மிதிக்கட்டைகளை இழைத்து, கிளட்ச்சுக்கும் பிரேக்குக்கும் கீழே தரைப்பலகையாகப் போட்டார்கள். பலகை அளவெடுத்த மாதிரி போய் உட்கார்ந்தது.

புரட்டாசி முடிவதற்குள் கூடு காராகிவிட்டது. புனாவிலிருந்து எஞ்சின் வந்தது. சிவப்பு பெயிண்டில் முகம் தெரிந்தது. அதைப் பார்த்த சந்தோஷத்தில் பாண்டியன் நொண்டுவதைக் கோவர்தன் கவனிக்கவில்லை.

"இடது கால் மரத்துப்போவுது சார். குழியில எறங்குனா முட்டி வரைக்கும் யாரோ புடிச்சிக்கினு இருக்கிற மாதிரியே இருக்குது. நான் இனிமே எறங்க மாட்டேன்."

"சர்க்கரை இருக்கான்னு டெஸ்ட் பண்ணிப் பாருப்பா," என்று சொல்லிவிட்டுக் கோவர்தன் தானே இறங்கினான்.

ஒரு வாரம் போயிருக்கும். காலையில் மனைவி ஸ்ரீவல்லி கொண்டுவந்த காபி கை தவறி அவன் பாதத்தில் கொட்டியது. டம்ளரில் ஆவி பறந்துகொண்டிருந்தது. அவன் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏன்னா, சுடலையா?"

அப்போதுதான் குனிந்து பார்த்தான். பாதம் சிவந்து, தோல் கொப்பளிக்க ஆரம்பித்திருந்தது.

ஒன்றுமே தெரியவில்லை அவனுக்கு.

பயந்தான். ஆனால் வேலை இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. அடியில் பிரேக் குழாயை முடுக்கிவிட்டால் வண்டி ஓடும். அதை முடித்துவிட்டு டாக்டரிடம் போகலாம் என்று நினைத்தான். கால் போனால் இந்தக் காரை ஓட்டவே முடியாது என்பது அவன் புத்திக்கு எட்டாமல் இல்லை. ஆசை அதை யோசிக்க விடவில்லை.

ஐப்பசி மழை இருட்டிக்கொண்டு வந்த ஒரு பிற்பகல். கோவர்தன் குழிக்குள் நின்று, தலைக்கு மேல் இருந்த குழாயை ஸ்பேனரால் முடுக்கிக்கொண்டிருந்தான். பாண்டியன் டீ வாங்கப் போயிருந்தான். கரண்ட் போயிற்று. மழைச் சத்தம் ஓட்டின் மேல் சீராக விழுந்தது.

அந்தச் சத்தத்துக்குள்ளே இன்னொன்று கேட்டது.

டக்.

மரத்தில் மரம் இடிக்கும் சத்தம். தலைக்கு நேர் மேலே.

டக்... டக்.

"பாண்டியா, வந்துட்டியா?"

கோவர்தன் பேனா டார்ச்சை மேலே அடித்தான். பலகைக்கு நடுவில் இருந்த இடைவெளியில் பெடல்கள் தெரிந்தன. கிளட்ச் இறங்கியது. அது ஏறும்போது பிரேக் இறங்கியது. மறுபடி கிளட்ச். இடது, வலது, இடது, வலது. எந்தக் காரையும் எவரும் அப்படி ஓட்டுவதில்லை. தறியில் உட்கார்ந்தவர்கள்தான் அப்படி மிதிப்பார்கள்.

பெடல்களின் மேல் கால் எதுவும் இல்லை.

புளித்த கஞ்சி வாடை மூக்கைத் துளைத்தது. வெளியே ஏறிவிட வேண்டும் என்று விளிம்பைப் பிடித்துத் தம் கட்டினான். உடம்பு எழும்பியது, கால்கள் எழும்பவில்லை. டார்ச்சைக் கீழே திருப்பப் பயமாக இருந்தது. திருப்பாமல் இருக்கவும் முடியவில்லை.

குழியின் அடிமண்ணிலிருந்து இரண்டு கைகள் அவன் கணுக்கால்களைப் பிடித்திருந்தன.

வற்றிய கைகள். விரல்களுக்கு இடையில் அரக்குப் பட்டு இழைகள்.

"கால குடு," என்றது ஒரு குரல், அவன் காதுக்கு மிக அருகில். "என் எடத்துல நின்னுக்கினு இருக்க இல்ல? கால குடுத்துட்டுப் போ."

அவன் கத்தினானா என்பது அவனுக்கே நினைவில்லை. மண் முழங்காலுக்கு ஏறியது. மேலே பெடல்கள் வெறிபிடித்த மாதிரி அடித்துக்கொண்டன. ஷட்டர் கிறீச்சிட்டது. பாண்டியன் டீக்கிளாஸ்களை எறிந்துவிட்டு ஓடிவந்து, காருக்கு அடியில் குப்புறப் படுத்து, கோவர்தனின் அக்குளில் கைகொடுத்து இழுத்தான். வேரோடு செடியைப் பிடுங்குவது போல அவன் வெளியே வந்து விழுந்தான்.

இடுப்புக்குக் கீழே உயிர் இல்லை.

சத்தம் கேட்டுக் கமலவேணி நனைந்துகொண்டே வந்தாள். குழியைப் பார்த்தாள். கார் கதவைத் திறந்து உள்ளே இருந்த மரத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம்கூட வரவில்லை.

"எங்க வூட்டுக்காரரோட அண்ணன், முனிசாமி," என்றாள் மெதுவாக. "கால் ரெண்டும் சூம்பிப்போயும் தறிய வுட்டு எழுந்திருக்க மாட்டேன்னாரு. தம்பிங்க பாதி நெசவுல இருந்த சேலைய அறுத்துட்டு, அவரத் தரதரன்னு வெளிய இழுத்துப் போட்டாங்க. உசுரு போற வரைக்கும் ஒரே பேச்சு. இந்தக் குழியில யார் எறங்கினாலும் அவன் கால் என்னுதுன்னு. அதான் உன்ன மூடச் சொன்னேன்."

"மூடிடலாம்மா. இப்பவே மூடிடலாம்," என்று அழுதான் கோவர்தன்.

பாண்டியன் மறுநாளே காரைப் பிரித்தான். ஒரு துண்டு விடாமல் தறிமரத்தைக் கழற்றிக் குழிக்குள் அடுக்கி, மணல் கொட்டி, மேலே சிமெண்ட் பூசினான். சிவப்புத் தகரம் மறுபடி வெறும் கூடாக நின்றது. கோவர்தன் அதைப் பார்க்கப் போகவில்லை. கார் வேண்டாம், கால் போதும் என்று வரதராஜரிடம் வேண்டிக்கொண்டு சென்னை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தான். நரம்பில் ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டர்கள் கையை விரித்தார்கள்.

தை பிறந்ததும் கட்டைவிரல் அசைந்தது. மாசியில் சுவரைப் பிடித்து நடந்தான். பங்குனியில் தானாகவே கோயிலுக்குப் போய் வந்தான். பாண்டியன் நொண்டலும் போயிருந்தது. ஸ்வீட் பாக்ஸோடு வந்து பார்த்துவிட்டுப் போனான். ஸ்ரீவல்லி அவனைக் கும்பிடாத குறைதான். அந்த வீட்டில் எல்லாரும் மூச்சு விட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்து கோவர்தன் நாற்காலியில் உட்கார்ந்து டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்ரீவல்லி சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"ஏன்னா, அந்தக் காலைத் தட்டாம இருங்கோளேன். மண்டையை இடிக்கிறது."

"நான் எங்கே தட்டறேன்?" என்றான்.

சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தான். இடது பாதம் தரையை அழுத்தியது. அது எழும்போது வலது பாதம் அழுத்தியது. இடது, வலது. சீராக, அவசரமில்லாமல், வெகுநாள் பழகிய கால்களைப் போல. நிறுத்தப் பார்த்தான். அவை அவன் பேச்சைக் கேட்கவில்லை.

இரண்டு கைகளாலும் முழங்கால்களை இறுகப் பிடித்து, பல்லைக் கடித்து அமுக்கினான்.

நின்றது.

நெற்றி வியர்வையைத் துடைக்கலாம் என்று நினைத்தான். வலது கை முழங்காலை விட்டது. ஆனால் அது நெற்றிக்குப் போகவில்லை. மடிக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத எதையோ இடப்பக்கமாக எறிந்தது; இடது கை அதை வாங்கித் திருப்பி எறிந்தது.