பதில் ஸலாம்

என்னைப் பயந்தாங்கொள்ளி என்று நினைத்துவிடாதீர்கள். பம்பாய் தாராவியில் தோல்பை தைத்துப் பிழைத்தவன்; நாற்றத்துக்கும் இருட்டுக்கும் முகம் சுளிக்கிற ஆள் இல்லை. ஒன்பது வருஷம் ஆறு பேரோடு ஒரே அறையில் படுத்தேன். ஊரில், மேலப்பாளையத்தில், என் மனைவி சுலைகா தனியாகக் கிடந்தாள். அவளை அழைத்து வர ஓர் அறை வேண்டும். என் ஆசையெல்லாம் அவ்வளவுதான்.

எண்பத்து நாலில் அது கிடைத்தது, டிராம்பே கழிமுகத்தருகே ஒரு பழைய சர்ச்சில். பூசை நின்று நாற்பது வருஷமாம். கட்டடம் விழுந்துவிடக் கூடாது என்று சர்ச் கமிட்டிக்காரர்களுக்குக் கவலை. ஓடு மாற்றி, சுண்ணாம்புக் காரை பூசிப் பார்த்துக்கொண்டால் உள்ளே பட்டறை போடலாம், பின்னறையில் குடியிருக்கலாம். பீடத்தை மட்டும் தொடக்கூடாது. சரி என்றேன்.

ஓடு மாற்ற வந்த கொத்தனார் வானமாமலையோடு கதவைத் தள்ளினேன். வௌவால் எச்சமும் ஈரச்சுவரும் குப்பென்று மணத்தன.

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்றேன். ஆளில்லாத வீட்டுக்குள்ளும் ஸலாம் சொல்லி நுழைவது எங்கள் வழக்கம்.

"யாருக்குவே ஸலாம்? வௌவாலுக்கா?" என்று சிரித்தார் அவர்.

வேலை முடிந்து அவர் போன பிறகு நான் மட்டும்தான். பேச ஒரு ஜீவன் இல்லை. காலையில் ஒரு ஸலாம், கடைக்குப் போய் வந்தால் ஒரு ஸலாம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த ஒரு வார்த்தை பேசவே சும்மா வெளியே போய் வந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்தேன். நல்ல பகல். ஸலாம் சொன்னேன்.

"வ அலைக்குமுஸ்ஸலாம்."

பதில் வந்தது, பீடத்துப் பக்கமிருந்து. ஆண் குரல். வெகுகாலம் பேசாத தொண்டை.

மறுநாளிலிருந்து வாயை இறுக மூடிக்கொண்டு நுழைந்தேன். மூன்று நாள் சத்தமே இல்லை. தப்பித்தேன் என்றுதான் இருந்தேன்.

நாலாம் நாள், கதவைத் தொடுமுன்பே உள்ளிருந்து வந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

ஸலாம் சொல்வது நல்லது; சொன்னவருக்குப் பதில் சொல்வது கடமை.

நான் சொல்லவில்லை.

ஓடிப்போய் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தேன். காலி பண்ணிவிடலாம் என்றால், நான் வரச்சொல்லி எழுதியபடியே சுலைகா ஊர்க்காரக் குடும்பத்தோடு ரயிலேறிவிட்டதாக முந்தின நாளே தந்தி வந்திருந்தது.

மறுநாள் அவளைச் செம்பூர் ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் அழைத்து வந்தேன். வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எப்படிச் சொல்ல? நான் பெட்டியை இறக்குவதற்குள் அவள் கதவைத் திறந்துவிட்டாள். உள்ளிருந்து அதே குரல், அதே ஸலாம்.

"வ அலைக்குமுஸ்ஸலாம்" என்றாள், முக்காட்டை இழுத்துவிட்டபடி. "உள்ள யாருங்க இருக்காவ?"

"கூட வேலை செய்றவரு."

யா அல்லாஹ், வேறென்ன சொல்வேன்?

அவள் உள்ளே போய்விட்டாள். பெட்டியோடு வெயிலில் நின்றேன். வெகுநேரம் கழித்துத்தான், கதவைச் சாத்தாமல் விட்டு, உள்ளே போனேன்.

பின்னறையில் ஸ்டவ் எரிந்தது. மூன்று கிளாஸ் டீ ஊற்றியிருந்தாள்.

ஒன்று காலி.

"குடிச்சிட்டாவ" என்று கிசுகிசுத்தாள். "எம்புட்டோ காலமாத் தனியாவே இருந்தாவளாம், பாவம். இனி நாம ரெண்டு பேரும் எங்கயும் போவ வேண்டாமாம்."

அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

நான் திறந்து போட்டு வந்த கதவு, உள்பக்கம் தாழிட்டிருந்தது.