கடைசி ஆளின் குரல்

ட்ரூடி வாயைத் திறக்கும் முன்பே, அவளுக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்துவிட்டது.

“எல்லாரும் வந்தாச்சு!”

நெதர்கூம் ஊர்ச் சைக்கிள்காரர்களுக்குள் இது ஒரு வழக்கம். ஒவ்வொரு திருப்பத்திலும் முன்னால் போகிறவர் வேகத்தைக் குறைப்பார். வரிசையின் கடைசி ஆள் திருப்பத்தைத் தாண்டியதும் அப்படி ஒரு குரல் கொடுக்க வேண்டும். அது காதில் விழுந்தால்தான் முன்னவர் மறுபடி அழுத்தி மிதிப்பார். யாரும் திரும்பிப் பார்ப்பது கிடையாது. ஆளுயரத்துக்கு மேல் வேலிப்புதர் நிற்கிற அந்த ஒற்றைச் சாலைகளில் திரும்பிப் பார்த்தவர் ஓடைக்குள்தான் கிடப்பார்.

அன்றைக்குக் கடைசி ஆள் ட்ரூடி. அவளுக்குப் பின்னால் ஒருவரும் இல்லை.

“என்ன ட்ரூடி, டீக்கடை கேக் தொண்டைக்கு நல்லா வேலை செய்யுது போல!” முன்னாலிருந்து நாரிஸ் கத்தினான். “வெண்கல மணி மாதிரி கேக்குதே!”

“உன் வாய்க்கு அந்தக் கேக்கை அடைச்சிருக்கணும்,” என்று வாய் தானாகப் பதில் சொல்லிற்று. மனம் பின்னால் போயிருந்தது. ஹேண்டில்பாரை இறுக்கிக்கொண்டு கடைக்கண்ணால் மட்டும் பின்னால் பார்த்தாள். ஈரச் சாலை. நவம்பர் மாதத்துச் சாயங்காலம், நாலு மணிக்கே வயல்களிலிருந்து எழுந்து வேலிக்கு மேலாக வழிந்துகொண்டிருந்த மூடுபனி. ஏதோ பண்ணையில் புளித்துக் கிடக்கும் தீவனப்புல்லின் வாடை. அவ்வளவுதான். களஞ்சியச் சுவரில் பட்டு எதிரொலித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். எதிரொலி, குரலுக்குப் பின்னால்தானே வரும், முன்னால் வருமா என்று கேட்கத் தோன்றவில்லை. தோன்றியது, கேட்டுக்கொள்ளவில்லை.

முன்னால் க்ளெம். அவன்தான் எப்போதும் வழி நடத்துகிறவன். அவனுக்குப் பின் நாரிஸ், பிறகு ஜோசி. ட்ரூடியின் தங்கை. வசந்த காலத்தில் ஜோசியின் கழுத்திலிருந்து ஒரு கட்டியை எடுத்தார்கள். உயிர் தங்கியது; கழுத்து திரும்புவது போய்விட்டது. பின்னால் கார் வந்தால் அவளுக்குத் தெரியாது. “நீ என் முதுகுல கண்ணா இருந்தா வர்றேன், இல்லாட்டி என்னைக் கூப்பிடாதே,” என்று சொல்லித்தான் இன்றைக்குச் சைக்கிளை வெளியே எடுத்தாள். “இருக்கேன்டி. உன்னை முழுசா வீட்டுல கொண்டுவந்து விடுறது என் பொறுப்பு,” என்று ட்ரூடியும் சொல்லியிருந்தாள்.

அடுத்த திருப்பம் தேவாலயத்து மூலை. ட்ரூடி வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினாள். முன்னால் க்ளெமின் சக்கரம் மெதுவாவது கேட்டது. காத்திருக்கிறான். புதரிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“எல்லாரும் வந்தாச்சு!”

அவளுடைய குரல். அந்த லேசான கீச்சுடன், முடிவில் கொஞ்சம் ஏறி இறங்கும் அதே இழுப்புடன், அவளுடைய சொந்தக் குரல். தலைக்குப் பின்னால், ஒரு சைக்கிள் நீளத் தொலைவில்.

க்ளெம் கையை உயர்த்திவிட்டு மிதித்தான்.

“நில்லுங்க!” என்றாள் ட்ரூடி. “க்ளெம்! நில்லு!”

நால்வரும் தேவாலயச் சுவரோரம் காலை ஊன்றினார்கள். மூடுபனியில் எல்லோருடைய முகமும் மாவு பூசியதுபோல இருந்தது.

“இப்ப கத்துனது நான் இல்லை.”

“பின்னே யாரு, பாதிரியாரா?” என்றான் நாரிஸ். “அவர் ஞாயித்துக்கிழமை சாப்பிட்டுட்டுப் படுத்தா செவ்வாய்க்கிழமைதான் எழுந்திருப்பாரு.”

“விளையாடாதே. ரெண்டு தடவை. என் குரல். நான் வாயே திறக்கலை.”

ஜோசி தலையைத் திருப்ப முடியாமல் உடம்பையே திருப்பி அக்காளைப் பார்த்தாள். “பின்னாடி யாராவது வர்றாங்களா?”

“வந்தா நான்தானே சொல்லணும்.”

“அதைத்தான் கேக்கிறேன். சொல்லு.”

ட்ரூடி பின்னால் பார்த்தாள். அவர்கள் வந்த சாலை பத்தடிக்கு மேல் தெரியவில்லை. அங்கே எங்கோ, மிதிக்காமல் உருளவிட்ட சைக்கிளின் பின்சக்கரம் போடும் ஃப்ரீவீல் சத்தம். டிக், டிக், டிக். பிறகு அதுவும் நின்றது, இவர்களைப் போலவே காலை ஊன்றிக்கொண்டு நிற்பதைப்போல.

“மூடுபனியில சத்தம் இப்படித்தான் விளையாட்டுக் காட்டும்,” என்றான் க்ளெம். “இருட்டிட்டு வருது. சீக்கிரம் போயிரலாம். கவனமாக் கேளுங்க: ஆலைகிட்ட சாலை ரெண்டாப் பிரியுற இடம் வந்ததும் எல்லாரும் வலது பக்கம், கல்பாலத்து வழியா. இடது பக்கம் யாரும் போகாதீங்க. அங்கே தரைப்பாலத்து மேல காலையிலேருந்து ஆறு ஓடுது, இடுப்பளவுக்கு மேல.”

“ட்ரூடி, நீ வேணும்னா முன்னால வா, நான் கடைசியா வர்றேன்,” என்றான் நாரிஸ். இந்தத் தடவை கிண்டல் இல்லை.

“வேண்டாம்,” என்றாள் ஜோசி. “எனக்கு அவ குரல்தான் வேணும். உன் குரலைக் கேட்டா சிரிப்பு வந்து விழுந்துடுவேன்.”

மறுபடி கிளம்பினார்கள். ட்ரூடி தங்கையின் பின்சக்கரத்தை ஒட்டியே வந்தாள். அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு மினுக் மினுக்கென்று எரிவதைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை என்று தீர்மானித்துக்கொண்டாள். காதை என்ன செய்வது? அவள் மிதித்தால் பின்னால் ஒன்று மிதித்தது, அவள் விட்டால் அதுவும் விட்டது. டிக், டிக். இப்போது வாடையும் வந்தது: தீவனப்புல் இல்லை, ஆற்றுச் சேறு, வெகுநாள் தண்ணீரில் ஊறிய கம்பளித் துணி. கழுத்துப் பின்புறம் ஈரமாகக் குளிர்ந்தது. மூச்சு விடுவதைப்போல.

ஏற்றம் வந்தது. ஜோசியை விடக்கூடாதென்று எழுந்து நின்று மிதித்தாள். கியரை மாற்றினாள். கடக்கென்று ஒரு சத்தம். பெடல் வெறுமனே சுழன்றது.

செயின் கழன்றுவிட்டது.

“ஜோசி, நில்லு! செயின் கழண்டிருச்சு!”

சிவப்பு விளக்கு தயங்கியது. அப்போது அவள் தோளை ஏதோ உரசிக்கொண்டு போயிற்று. விளக்கு இல்லை. உருவம் இல்லை. குளிர் மட்டும், சேற்று வாடை மட்டும், நெருக்கமாக ஒரு டிக், டிக், டிக். அது அவளைத் தாண்டியது. அவளுக்கும் தங்கைக்கும் நடுவில் போய்ச் சேர்ந்தது.

“போயிட்டே இரு,” என்றது அவளுடைய குரல், முன்னாலிருந்து. “மாட்டிட்டேன். இதோ பின்னாடியே வர்றேன்.”

“சீக்கிரமா மாட்டிட்டியே!” என்றாள் ஜோசி. சிவப்பு விளக்கு நகர்ந்தது.

ட்ரூடி சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினாள். பெடலில் மாட்டிக்கொள்வதற்காகச் சைக்கிள் ஷூவின் அடியில் இருந்த இரும்புத்தகடு தார்ச்சாலையில் வழுக்கிற்று. விழுந்தாள். முழங்கால் எரிந்தது. எழுந்து ஓடினாள். முன்னால் பேச்சுக்குரல். இரண்டு பெண்கள் ஞாயிற்றுக்கிழமை நிதானத்தோடு பேசிக்கொண்டு போகிறார்கள்.

“உன்கிட்ட சொன்னதில்லை, ட்ரூடி. ஆஸ்பத்திரியிலேருந்து வந்தப்புறம் இனிமே வாசலைத் தாண்ட மாட்டேன்னுதான் நினைச்சேன். நீ விடலை.”

“எப்படி விடுவேன்?”

“ஜோசி!” ட்ரூடி கத்தினாள். மூச்சு கிழிந்தது. “ஜோசி, அது நான் இல்லை! நில்லு!”

“யாரோ பின்னாடி கத்துறாங்களே. உன் குரல் மாதிரியே இருக்கு.”

“எதிரொலி. மூடுபனியில இப்படித்தான் விளையாட்டுக் காட்டும்.”

வெகு முன்னால், ஆலையருகே சாலை பிரியும் இடத்தில் க்ளெம் வேகத்தைக் குறைப்பது கேட்டது. காத்திருந்தான். திரும்பிப் பார்க்க மாட்டான். அவன் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

“க்ளெம்!” என்றாள். குரல் எழவில்லை.

“எல்லாரும் வந்தாச்சு!” என்றது அவளுடைய குரல், கணீரென்று.

க்ளெமும் நாரிஸும் வலது பக்கம் போய்விட்டார்கள். கல்பாலத்தின் மேல் சக்கரங்கள் தடதடத்துத் தேய்ந்தன.

“இடது பக்கமா ஒட்டி வா,” என்றது குரல்.

“பாலம் வலது பக்கம்னுல்ல க்ளெம் சொன்னான்?”

“பிரிவைத் தாண்டிட்டோம். இது அடுத்த வளைவு. நான் பாத்துட்டேன், கண்ணு. நீ மிதி.”

“என்னடி, புதுசா கண்ணுங்கிறே?” ஜோசி சிரித்தாள். நம்பிக்கையான, இளைப்பாறிய சிரிப்பு. அந்தச் சிரிப்போடு இடது பக்கம் திரும்பினாள்.

ட்ரூடி பிரிவுக்கு வந்தாள். இடது பக்கம் ஓடினாள். இறக்கம். தண்ணீரின் இரைச்சல் நெருங்கிற்று, காடு முழுக்க ஒரே சமயத்தில் மூச்சு விடுவதுபோல. ஜோசி அலறவில்லை. விழுந்த சத்தமும் இல்லை. தண்ணீர் தெறித்த சத்தமும் இல்லை.

சாலை தண்ணீருக்குள் இறங்கும் இடத்தில் நின்றாள். பழுப்பு ஆறு. அக்கரை தெரியவில்லை.

ஜோசியின் சிவப்பு விளக்கு தெரிந்தது.

தண்ணீருக்கு அடியில்.

மினுக். மினுக். அணையவில்லை. ஆறு அதை இழுத்துப் போகவும் இல்லை. ஆற்றுக்கு அடியில் கிடக்கும் சாலையில், நேராக, நிதானமாக, யாரோ மிதித்துப் போகும் வேகத்தில் அது போய்க்கொண்டிருந்தது.

ட்ரூடி முழங்கால் வரை இறங்கினாள். “ஜோசி,” என்றாள். குரல் இல்லை. காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றாள். காற்று.

பின்னால், காலி சாலையில், டிக், டிக், டிக்.

நெருங்கிற்று. நின்றது. ஈரக் கம்பளி வாடை.

“முன்னாடி போ, ட்ரூடி,” என்றது ஜோசியின் குரல், காதோரம். “பயப்படாதே. பின்னாடி நான் இருக்கேன்.”