பாதியில் நின்ற கை

மழைக்கு ஒதுங்கிய இடத்தில், தான் செய்த பொம்மையே தன்னைப் பார்த்துக் கையாட்டும் என்று அவள் நினைத்தே பார்க்கவில்லை.

கைப்பிடியைச் சுற்றினால் அசையும் மரப்பொம்மைகளின் கண்காட்சி அது. அதில் அவள் எப்போதோ செதுக்கி விற்ற ஜன்னலோரப் பெண்ணும் இருந்தாள். சுற்றினால் கையை உயர்த்துவாள்... பாதியில் தயங்குவாள்... இறக்கிவிடுவாள். இப்போதோ கை முழுசாக உயர்ந்து ஜோராக ஆடியது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யாரு இதுல கை வச்சது?"

"நான்தாங்க," என்றான் பக்கத்தில் நின்றவன். அங்கிருந்த பொம்மைகள் எல்லாம் அவன் சேகரித்தவையாம். திருட்டு முழி... ஆனாலும் அழகான முழி. உள்ளே சுழலும் மரச் சக்கரம் தேய்ந்து பள்ளமாகிவிட்டதாம், அதனால்தான் கை பாதியில் நின்றதாம், மரத்தூளும் பசையும் வைத்து அடைத்தானாம். பெருமை வேறு.

"தேயலைங்க. அந்தப் பள்ளத்தை வெட்டினதே நான்தான்."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. மன்னிப்பெல்லாம் வேண்டாம், பழையபடி ஆக்கினால் போதும் என்று கறாராகச் சொல்லிவிட்டு, நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனாள். போகிற வழியெல்லாம் அந்த முழிதான்... சே!

மறுநாள் விலாசம் விசாரித்து, பொம்மையோடு அவள் வீட்டுப் பட்டறைக்கே வந்துவிட்டான். அடைத்த இடத்தை அரத்தால் ராவினான். கை பொத்தென்று விழுந்தது. இன்னும் ராவினான். எழவே மாட்டேன் என்றது. அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எட்டிப் பார்த்த அம்மா, கோபத்தில் இருக்கிறவள் இப்படியா இளிப்பாள் என்று கேட்டுவிட்டுப் போனாள்.

"எதுக்குத் தயங்குறா இவ?" என்று கேட்டான்.

இதுவரை யாரும் கேட்டதில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பிடிச்சவங்களைப் பாத்துக் கையாட்டி, அவங்க திரும்பிப் பாக்காமயே போயிட்டா...? அந்த பயம்தான். எனக்கும் அதேதான்."

அவன் அரத்தைக் கீழே வைத்தான்.

"நேத்து பொய் சொல்லிட்டேங்க. அது தேய்மானம் இல்லைன்னு தெரியும். தினமும் சுத்துவேன், தினமும் பாதியில நிறுத்திடுவா. மனசு தாங்கலை. இதைச் செஞ்சது யாரா இருக்கும்னு நினைச்சு நினைச்சே... செஞ்சவங்க மேல ஆசை வந்துடுச்சு."

பொய்க்காக இன்னொரு சண்டை போட்டிருக்கலாம். கோபம்தான் வரவில்லை. வெளியே மறுபடியும் மழை பிடித்துக்கொண்டது. இன்றைக்கும் வாயை மூடிக்கொண்டால் இவன் பொம்மையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான்... போனால் போனதுதான்.

"திரும்பிப் பாக்காம போயிட மாட்டீங்களே?"

"மாட்டேங்க."

"அப்ப சொல்லிடறேன்... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. நேத்து சண்டை போட்டப்பவே பிடிச்சுது."